வாய்ச்சண்டையிலிருந்து இசைத்தட்டுக்கு

ராப் மோதலில் எதிராளியை மடக்குவது ஒரு திறமை. நிலைத்து நிற்கிற பாட்டைப் பதிவு செய்வது வேறொரு திறமை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன காத்திருக்கிறது?

1997 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘ராப் ஒலிம்பிக்ஸ்’ என்றொரு போட்டி நடந்தது. முன்னெழுதாமல், எதிரில் நிற்பவரைப் பார்த்து அங்கேயே வரி கட்டி மடக்க வேண்டும். டெட்ராய்ட்டிலிருந்து போன ஓர் இளைஞர் கடைசிச் சுற்றுவரை வந்து தோற்றார். ஊரில் அவருக்குக் குடியிருக்க வீடும் இல்லை. வாடகைப் பிரச்சினையில் அப்போதுதான் வெளியேற்றப்பட்டிருந்தார். ஆனால் அவர் சொந்தமாகப் பதிவு செய்த ‘ஸ்லிம் ஷேடி’ குறும்பதிவு, இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்து ஆள் ஒருவர் வழியாக அதன் தலைவர் ஜிம்மி அயோவினிடம் போய், அவரிடமிருந்து இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் காதுக்கு எட்டியது. 1999 பெப்ரவரியில் ‘த ஸ்லிம் ஷேடி எல்பி’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது. தோற்ற அந்த இளைஞர்தான் எமினெம். வென்றவரின் பெயரை ராப் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்கள் மட்டுமே இன்று சொல்வார்கள்.

மேடையில் வெல்வதற்கும் ஒலிப்பதிவுக் கலைஞராக வளர்வதற்கும் நேரான படிக்கட்டு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒன்பது மணி நேரம் பாடியும்

ராப் மோதலின் வரலாற்றில் 1981 முக்கியமான ஆண்டு. நியூயோர்க்கின் ‘ஹார்லெம் வேர்ல்ட்’ மண்டபத்தில், கூட்டத்தைச் சிரிக்கவைத்தே பேர் வாங்கிய பிஸி பீ என்பவரை, கூல் மோ டீ மேடையேறி வரிக்கு வரி கிழித்தார். அதன் ஒலிநாடா கைமாறிக் கைமாறி நகரெங்கும் போனது. கைதட்டு வாங்கினால் போதும் என்றிருந்த ஆட்டம், சொல்லுக்கு மதிப்பெண் போடும் ஆட்டமாக மாறியது.

இந்த ஆட்டத்தில் எதுவும் கைக்கு எட்டும் தூரத்திலிருந்தே வரும். எதிராளியின் சட்டை, அவன் தடுமாறிய வார்த்தை, கூட்டத்தில் யாரோ போட்ட சத்தம், எல்லாமே தீனி. அதனால்தான் அந்த இரவு முடிந்ததும் முக்கால்வாசி வரிகள் செத்துப்போகின்றன. சட்டையைப் பார்க்காதவருக்குச் சட்டையைப் பற்றிய கேலி எதற்கு?

சூப்பர்நேச்சுரல் என்ற கலைஞரின் கதை இதற்குப் பொருத்தமானது. கூட்டத்தினர் நீட்டும் பொருளை வாங்கிப் பார்த்தபடியே அதைப் பாட்டில் கோத்துவிடுவார். 2006 இல் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் பாடி உலகச் சாதனை படைத்தார். ஆனால் தொண்ணூறுகளில் எலெக்ட்ரா இசை நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டும், அவருடைய ஆல்பம் கிடப்பில் போடப்பட்டது. இவ்வளவு வாய்வல்லமை இருந்தும், எமினெமுக்குத் திறந்த கதவு அவருக்கு அந்த அளவுக்குத் திறக்கவில்லை.

எமினெம் செய்தது என்ன? 1996 இல் அவர் வெளியிட்ட ‘இன்ஃபினிட்’ ஆல்பத்தில் சொல்லடுக்கு இருந்தது, ஆள் இல்லை. மிகச் சிலரே வாங்கினார்கள். அதன் பிறகுதான் தன் வறுமையையும் ஆத்திரத்தையும் கோணல் புத்தியையும் சுமக்க ‘ஸ்லிம் ஷேடி’ என்ற பாத்திரத்தை உருவாக்கினார். 2002 இல் வந்த ‘8 மைல்’ படத்தின் கடைசி மோதலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எதிராளி சொல்லக்கூடிய அவமானங்கள் அத்தனையையும் நாயகன் தானே முந்திச் சொல்லிவிடுகிறான். மற்றவனுக்குச் சொல்ல ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அது மேடைத் தந்திரம் மட்டுமல்ல. எதிராளியைப் பாடுவதை விட்டுத் தன்னைப் பாடத் தொடங்கும் இடம் அது. ஒலிப்பதிவு அங்கேதான் தொடங்குகிறது.

மாசி மாதத்துத் தர்க்கம்

எதிர்ப்பாட்டு எங்களுக்குப் புதிதல்ல. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைப் பக்கம் வேரூன்றிய லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். அந்த மண்ணிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய சனம் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தது. மாசியில் காமன் ஊன்றி, தப்படித்து, பல இரவுகள் தோட்டமே கூத்துக் களமாகும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுக்க, போய்த்தான் தீருவேன் என்று மதன் மறுக்க, இருவரும் பாட்டாலேயே மோதும் தர்க்கம் அதன் உயிர்.

யாப்பும் கைகொடுக்கிறது. ஆங்கில ராப் பெரும்பாலும் வரிக்கடைசி ஒலியை நம்பி நிற்கிறது. தமிழில் அதற்கு இயைபு இருக்கிறது. அதோடு முதலெழுத்துக்கு மோனை, இரண்டாம் எழுத்துக்கு எதுகை. நாட்டுப்பாடல் கேட்டு வளர்ந்த காதுக்கு மூன்றும் இயல்பாக வரும். வரியின் இரு முனையிலும் அடிக்கத் தெரிந்த மொழி இது.

ஆனால் மாசி முடிந்ததும் அந்தத் தர்க்கம் காற்றோடு போனது. பாடியவர் யார், எந்த வரி அவர் கட்டியது என்று குறித்துவைக்க ஆளில்லை. சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால், இன்று நம்மிடம் இருப்பதும் மிஞ்சியிராது.

அந்தக் காலத்துக்கும் ஒரு பதிவு முறை இருந்தது: அச்சடித்த பாட்டுப் புத்தகம். துரைமார் வெளியாரைத் தோட்டத்துக்குள் விடாத நாட்களில் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்தவர் கோ. நடேசய்யர். 1931 இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் தொடங்கியவர். அவரும் துணைவியார் மீனாட்சி அம்மையும் பாட்டை ஆயுதமாக எடுத்தார்கள். கூட்டம் தொடங்குமுன் மீனாட்சி அம்மை பாடுவார்; 1940 இல் அவருடைய பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. அங்கே எதிராளி மேடையில் நிற்கவில்லை. பங்களாவிலும் சட்டசபையிலும் இருந்தான். எதிரே அமர்ந்திருந்த தொழிலாளியின் வாழ்க்கையே பாடுபொருள். கூட்டத்தில் கேட்காதவர் கைக்கும் அந்த நூல் போய்ச் சேர்ந்தது.

வள்ளியம்மாவின் பேரன்

எங்கள் காலத்தில் அதே வேலையைச் செய்தவர் ராப் பாடகர் அறிவு. அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடி வெளிச்சத்துக்கு வந்தார். 2019 இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு ‘தெருக்குரல்’ ஆல்பம். 2021 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாடகி தீ ஆகியோரோடு சேர்ந்து ‘என்ஜாய் எஞ்சாமி’. யூடியூபில் அது 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது.

அந்தப் பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று ஆட்களை எண்ணிப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பகிர்ந்தார்கள். இந்தக் கணக்கை மேடைப் பேச்சில் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள்கூட, பேரன் பாடியபோது கூடவே பாடினார்கள். 2024 இல் வந்த ஆல்பத்துக்கு அவர் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயர் வைத்தார்.

சப்ரகமுவையின் கணக்கு

நுவரெலியாவில் மலை மலையாகத் தோட்டம்; எங்கு திரும்பினாலும் தமிழ். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்ரகமுவையில் அப்படியில்லை. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று தேயிலையும் றப்பருமாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்களைச் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்திருக்கின்றன. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அந்த அமைப்பே ஆபத்தானது. லயங்கள் எரிந்தன, பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள்.

ஆனால் அதே சூழலில் வளரும் பிள்ளை இரண்டு மொழியில் சண்டை போடுவான், இரண்டு மொழியில் சிரிப்பான். ஒரே வரியில் தமிழையும் சிங்களத்தையும் மோதவிடும் காது அவனுக்குப் பழக்கத்தில் வருகிறது. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். 8 மைல் நாயகனைப் போல் அதை முந்திச் சொல்லிவிட்டால், எதிராளிக்கு மிச்சம் என்ன இருக்கும்?

பாடுபொருளுக்கும் பஞ்சமில்லை. கேகாலை மாவட்டத்தில், உருளவள்ளி என்று சனம் சொல்லும் நேவ்ஸ்மியர் தோட்டத்தை 1946 இல் அரசு கிராமத்தாருக்குப் பங்கிட எடுத்தபோது, வெளியேற மறுத்துத் தொழிலாளர்கள் நின்றார்கள். சுற்றுத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அந்தப் போராட்டத்துக்கு ஒரு ராப் ஆல்பம் தாங்கும். விடியுமுன் றப்பர் பால் வெட்டப் போகும் தாயின் ஒரு நாளே மூன்று நிமிடப் பாட்டுக்குப் போதும்.

பணம்தான் தடை. நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021 இல். அந்த வீட்டுப் பிள்ளை ஸ்டூடியோ வாடகையை எங்கிருந்து புரட்டுவான்? போனும் ஓரளவு நல்ல மைக்கும் இருந்தால் குரலைப் பதியலாம். இணையத்தில் பீட்டும் கிடைக்கும். கண்ணி அங்கேதான் இருக்கிறது. இலவசம் என்று இறக்கிய பீட்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். வணிக உரிமம் வாங்காமல் பாட்டை ஏற்றினால், அது ஓடத் தொடங்கியதும் உரிமை கோரல் வரும், வருமானமும் கைமாறும்.

உழைத்தவருக்குப் பெயரும் பணமும் சேராத சிக்கல் பெரிய மேடைகளிலும் உண்டு. ‘என்ஜாய் எஞ்சாமி’ பேர் வாங்கிய 2021 இல், ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கண்டித்தார்கள். அந்தப் பாட்டின் மூலம் தங்களுக்குப் பணமே வரவில்லை என்று 2024 இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களுக்கே அந்த நிலையென்றால், பெயர் தெரியாத தோட்டத்துப் பிள்ளையை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே, மைக்குக்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருக்குச் சொந்தம், வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமைக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்த கணமே அது படைத்தவருக்குச் சொந்தம். அவர் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நிற்கும். ஆனால் கூட்டாளியோடு சச்சரவு வரும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

காமன் கூத்தில் தர்க்கம் பாடியவர்களின் பெயரை நாம் தொலைத்துவிட்டோம். இன்று பாடுகிற பிள்ளை தன் கதையையும் தன் கையெழுத்தையும் ஒன்றாகப் பதிவு செய்தால், தொலைந்த பெயர்களின் பட்டியல் மேலும் நீளாது.