மண்வெட்டியும் தியானமும்: பௌத்த மடத் தோட்டங்களின் சமூக அடிப்படை

வட கலிபோர்ணியாவின் மரின் மாவட்டத்திலே, பசுபிக் கரையோரப் பள்ளத்தாக்கொன்றில் அமைந்துள்ளது கிரீன் கல்ச் பண்ணை. சான் பிரான்சிஸ்கோ ஸென் நிலையம் 1972இல் இதனைப் பெற்றுத் தியான மடமாக்கியது. இங்கு தங்கிப் பயில்வோர் வைகறையிலே தியானத்தில் அமர்கின்றனர். பின்னர் மண்வெட்டி ஏந்திப் பாத்தி கட்டுகின்றனர், களை பிடுங்குகின்றனர், கூட்டெரு கிளறுகின்றனர். தோட்ட வேலையும் தியானத்தின் தொடர்ச்சியே என்பது இவர்தம் கொள்கை. பௌத்த மடமொன்றில் இஃது இயல்பான காட்சியாகத் தோன்றலாம். வரலாற்று நோக்கில் அவ்வாறன்று.

விநய பிடகத்தின் பாசித்திய விதிகளுள் 10ஆவது நிலத்தை அகழ்வதையும், 11ஆவது தாவரங்களை அழிப்பதையும் பிக்குகளுக்கு விலக்குகின்றன. மண்ணையும் மரத்தையும் ஓரறிவுயிர் என அக்கால மக்கள் கருதியமையே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால், பிக்கு தொடாத மண்ணை வேறொருவர் வெட்டியே ஆகவேண்டும். பிலிந்தவச்சர் என்னும் தேரருக்குப் பிம்பிசார மன்னன் 500 ஆராமிகரை, அதாவது மடப் பணியாளரை, வழங்கினான் என்றும், அவர்களுக்கெனத் தனிக் கிராமமே எழுந்தது என்றும் அதே விநய பிடகம் கூறும். ஈழத்தில் 10ஆம் நூற்றாண்டிலே நாலாம் மகிந்தன் பொறித்த மிகிந்தலைக் கல்வெட்டு, விகாரைப் பணியாளருக்கு உரிய நிலத்தையும் அரிசியையும் பட்டியலிடுகிறது. அகிம்சை விதி நிலவுடைமையோடு இணைந்தபோது, உழைப்பு ஒரு சாராருக்கும் தியானம் மறு சாராருக்கும் உரியவையாயின.

ஸென் மரபின் மூலமான சீனச் சான் பிரிவிலோ வேறொரு நெறி தோன்றியது. 814இல் மறைந்த பைஜாங் என்னும் குருவை, துறவியர் யாவரும் கூடி உழைக்கும் முறையை வகுத்தவராக மரபு போற்றும். முதுமையில் அவர் வருந்தாதிருக்கச் சீடர் கருவிகளை ஒளித்தபோது, உழைக்காத அன்று அவர் உண்ண மறுத்தார் என்பது கதை. கதை எவ்வாறாயினும் அதன் பின்னணி மெய்யானது. வரி செலுத்தாப் பெருநில மடங்களை அரசு பகைமையுடன் நோக்கிய காலம் அது. 845இல் தாங் பேரரசன் வூஸோங் 260,500 துறவியரை இல்லறத்துக்குத் திருப்பினான். மடங்களின் 150,000 அடிமைகளையும் வரி செலுத்துவோராக்கினான். தம் கையால் உழைத்தோரைப் பிறர் உழைப்பில் வாழ்வோர் எனப் பழித்தல் எளிதன்று. ஆயினும் பின்வந்த சோங் காலத்திலே சான் பெருமடங்களும் குத்தகைக் குடிகளைக் கொண்ட நிலவுடைமையாளராயின. கூட்டுழைப்பு நெறி ஏட்டில் இருந்தமை அதனைத் தடுக்கவில்லை.

கிரீன் கல்ச்சை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். மண்ணைத் தொடும் கையும் தியானிக்கும் மனமும் ஒருவருடையனவாதல் முன்னேற்றமே. ஆயினும் அத்தோட்டம் சந்தைக்குப் புறம்பானதன்று. அதன் விளைச்சல், 1979இல் அந்நிலையம் நகரிலே தொடங்கிய ‘கிரீன்ஸ்’ உணவகத்துக்குச் சென்றது. நிலமும் நிறுவனத்துடையதே. எனினும் அங்கு உழைப்போர் விரும்பி வந்தோர், விரும்பியபோது விலகக்கூடியோர். பிம்பிசாரன் வழங்கிய ஆராமிகரின் விருப்பத்தை எவரும் வினவியதாக விநயம் கூறவில்லை. ஆதலின், மடத்துத் தோட்டத்தின் அமைதியை வியப்பதோடு அமையாது, அங்கு மண்வெட்டுபவர் யார், நிலம் யாருடையது, அவர் விலகிச் செல்ல இயலுமா என்னும் வினாக்களையும் நாம் எழுப்புதல் வேண்டும்.