அண்ணாமலையாரைத் திட்டினார்களா?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் தெரிகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கத்தில் திருவண்ணாமலையே அதிர்கிறது.

இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பிள்ளைகள் "ஷவுட்" என்று எழுதுவார்கள். சரிதான். ஆனால் அதை அடுத்து வரும் சின்னச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. "ஷவுட் அட்" என்றால் கோபமாகக் கத்துவது. பக்தர்கள் அண்ணாமலையாரைத் திட்டினார்கள் என்று ஆகிவிடும்! "ஷவுட் டு" என்றால், தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வது.

"ஸ்கிரீம்" வேண்டாம். அது பெரும்பாலும் பயத்திலோ வலியிலோ வரும் அலறல்.

"சியர்" என்பது உற்சாக ஆரவாரம். பந்தய மைதானத்துக்குப் பொருந்தும். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் என்ன தெரியுமா? முகம்! முகம் என்பது முகமலர்ச்சி ஆகி, மகிழ்ச்சி ஆகி, கடைசியில் ஆரவாரம் ஆயிற்று. "திரீ சியர்ஸ்" என்றால், ஒருவர் "ஹிப் ஹிப்" என்பார். கூட்டம் "ஹுர்ரே" என்னும். இப்படி மூன்று முறை.

அரோகராவுக்கு எது சரி? தீபம் தெரிந்த நொடியில் எழும் பேரொலிக்கு "ரோர்". சிங்கத்தின் கர்ஜனைக்கும் அதே சொல்தான். கிரிவலப் பாதையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தால் "சான்ட்". "அரோகரா"வை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதிவிடுங்கள்.