பூரி ஜெர்மனி போன கதை

தம்பானூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் நாயின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கே காணோம்?" என்று கேட்பது வழக்கம். "ஜெர்மனியில் இருக்கிறது" என்று சொன்னால் சிரிப்பார்கள். அதை அங்கே அனுப்ப நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் ஏராளம். அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூரி உயர்ந்த ஜாதி நாய் ஒன்றும் அல்ல. ஒரு மழைக்காலத்தில் ரயில் நிலையத்துச் சாலையோரம் குட்டியாக நடுங்கிக் கொண்டு கிடந்தது. ஓட்டலில் வாங்கிய பூரியைப் பிய்த்துப் போட்டு என் பேத்தி அதை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். பெயரும் அப்படி வந்ததுதான்.

2022 மே மாதம் மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அவர் ஜூலையில் சேர வேண்டும். மகளும் பேத்தியும் ஆகஸ்டில் போவதாக ஏற்பாடு. பேத்தி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள், "பூரி வந்தால்தான் நான் வருவேன் தாத்தா" என்று. ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருக்கிறான் அல்லவா, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் முதலில் தேடியது நாய்க்கான பாஸ்போர்ட்டை. அப்படி ஒன்று இந்தியாவில் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஒரு சிறு புத்தகம் உண்டு. அதை அங்குள்ள மருத்துவர்தான் தர முடியும். இங்கிருந்து போகும் நாய்க்கு வேண்டியவை நான்கு: தோலுக்கு அடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, அந்த ஊசி ரத்தத்தில் வேலை செய்திருக்கிறது என்று காட்டும் பரிசோதனை முடிவு, கடைசியாக அரசு மருத்துவ அதிகாரியின் உடல்நலச் சான்றிதழ். நான்கு தாள்தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பூரிக்குப் பிப்ரவரியிலேயே ஊசி போட்டாகிவிட்டது. மே 20-ஆம் தேதி சிப் வைத்தோம். சில நாளில் ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும் என்பது விதி. பூரிக்கு அதைவிடத் தாராளமாகவே இருந்தது. வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

ஜூன் கடைசியில், பிராணிகளை விமானத்தில் அனுப்பிப் பழக்கப்பட்ட ஒருவரிடம் தாள்களைக் காட்டினேன். அவர் இரண்டு தேதிகளின் மேல் விரலை வைத்தார். "சார், ஊசி பிப்ரவரி, சிப் மே. இது செல்லாது" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் விளக்கினார். சிப் வைத்த பிறகு போட்ட ஊசியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சிப் இல்லாதபோது போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி? ஊசி செல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையும் செல்லாது. ஊசி போட்ட மருத்துவமனையிலும் சொல்லவில்லை, சிப் வைத்த இடத்திலும் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

ஏனென்றால் நான் வேலை பார்த்தது ரயில்வேயில் சிக்னல் பிரிவில். பழைய கேபின்களில் நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். பாயிண்ட் சரியான தடத்துக்குத் திரும்பி, பூட்டும் விழுந்தால்தான் சிக்னல் நெம்புகோலை இழுக்க முடியும். எவ்வளவு பலசாலி இழுத்தாலும் அசையாது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். நாயின் தாள்களும் அதே ஏற்பாடுதான். முதலில் சிப். பிறகு ஊசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. ஒன்று முந்தினாலும் எல்லாம் பூட்டிக் கொள்ளும்.

இந்த மூன்று மாதம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். ரேபிஸ் கிருமி உடம்பில் புகுந்த பிறகு நோய் வெளிப்படப் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை பிடிக்கும். ஊசிக்கு முன்பே கிருமி புகுந்திருந்தால் அது இந்தக் காலத்துக்குள் தெரிந்துவிடும். நம் நாட்டில் இந்த நோய் இன்னும் ஒழியவில்லை. ஆகவே நம் நாய்க்கு இந்தக் காவல். நோய் கட்டுக்குள் இருக்கும் நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அங்கிருந்து வருவதற்கு ரத்தப் பரிசோதனையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பிரிட்டனோ முன்பு நம் நாட்டு நாய்களை ஆறு மாதம் தனிமையில் வைத்திருந்தது. 2012-இல்தான் அது ஐரோப்பிய முறைக்கு மாறியது.

ஜூலை 4-ஆம் தேதி மறுபடி ஊசி. ஆகஸ்டு 4-ஆம் தேதி மறுபடி ரத்தம். ஆகஸ்டு 10-ஆம் தேதி மகளும் பேத்தியும் விமானம் ஏறினார்கள். அழுதுகொண்டே போனாள் குழந்தை. பூரி பள்ளி வேன் வரும் நேரத்துக்கு கேட்டருகே போய் உட்கார்ந்துவிடும். வேன் நிற்காமல் போன பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும். ஒரு தேதியைக் கவனிக்காத குற்றத்துக்கு இதைத் தினமும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் உக்ரைனில் போர் மூண்டது. அங்கிருந்து தப்பிய கேரளத்து மருத்துவ மாணவி ஒருவர் தம் ஹஸ்கி நாயை விடாமல் எல்லை கடந்து வந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். டில்லி வரை வந்த பிறகு, கேரளத்துக்கு வரும் விமானத்தில் நாயை ஏற்ற மறுத்தார்கள். வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்படி வருகிறவர்களுக்காக நம் அரசு இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. ஐரோப்பிய நாடுகளும் அகதிகளின் பிராணிகளுக்குச் சலுகை காட்டின. யுத்தத்துக்கு விதி வளையும். தேதி பார்க்காத தாத்தாவுக்கு வளையுமா?

நவம்பர் 4-ஆம் தேதி மூன்று மாதம் முடிந்தது. "நானே கொண்டுபோய் விட்டு வருகிறேன்" என்றேன். அங்கேயும் ஒரு பூட்டு. உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் வேறொருவர் நாயுடன் போகலாம். ஆனால் உரிமையாளரின் பயணத்துக்கு ஐந்து நாள் முன் பின் மட்டுமே. தவறினால் வியாபாரச் சரக்கு போலக் கருதி வேறு விதிகள் வந்துவிடும். ஆகவே டிசம்பரில் மகளே வந்தாள்.

இனி பெட்டி. விமானத்தில் நாய் போகும் கூண்டுக்குச் சர்வதேச அளவு முறை இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரை இன்னொன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரு மடங்கு கூண்டின் அகலம். இதில் மட்டும் நான் தவறு செய்யவில்லை. ஒரு மாதம் முன்பே கூண்டை வாங்கித் திண்ணையில் வைத்தேன். பூரி அதற்குள்ளேயே தூங்கிப் பழகிவிட்டது. இதை எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

அரசுச் சான்றிதழுக்கு அப்போது சென்னை போக வேண்டியிருந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் பிராணிகள் தடைக்காப்பு நிலையத்தில் நாயை நேரில் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் இறங்குவதற்கு முந்தைய 10 நாளுக்குள் கையெழுத்தான சான்றிதழ்தான் செல்லும். திருவனந்தபுரம் மெயிலில் ஏ.சி. முதல் வகுப்புக்கு எடுத்தோம். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் இருவர் தங்கும் கூப்பே கிடைக்க வேண்டும். மனு எழுதிக் கொடுத்தாலும் சார்ட் தயாராகும்போதுதான் கிடைத்ததா என்று தெரியும். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான் கதி. எங்களுக்குக் கிடைத்தது. பார்சல் ஆபீசில் நாய்க்கான கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கும்போது, இத்தனை வருஷம் ரயில்வேயில் இருந்தும் இந்தக் கவுண்டருக்கு வந்ததில்லையே என்று நினைத்துக் கொண்டேன்.

இப்போது அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. 2024 அக்டோபரில் கொச்சி விமான நிலையத்திலேயே தடைக்காப்பு நிலையம் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பிராணிகளைக் கொண்டு வரவும் கேரளத்தில் அதுவே முதல் வாசல்.

ஜெர்மனிக்குச் சொன்னது மற்ற நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது. 2024 ஆகஸ்டு 1 முதல் அமெரிக்காவுக்குள் ஆறு மாத வயதாகாத நாய் போக முடியாது. நம் நாட்டில் ஊசி போட்ட நாய் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில்தான் இறங்கலாம். ஆஸ்திரேலியா நம் நாட்டிலிருந்து நேராக நாயை ஏற்பதே இல்லை. அவர்கள் ஏற்ற இன்னொரு நாட்டில் வைத்திருந்து அங்கிருந்து அனுப்ப வேண்டும். 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு சிறு நாய்கள் தாள் இல்லாமல் அங்கே போய்விட்டன. நாய்களைத் திருப்பி அனுப்பு, இல்லையேல் கொன்றுவிடுவோம் என்று அமைச்சரே சொன்னார். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. நட்சத்திரத்துக்கே அந்தக் கதி.

பிள்ளைகள் திரும்பி வரும்போது நாயையும் கொண்டு வர எண்ணினால், வெளிநாட்டில் இரண்டு ஆண்டு வசித்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர்கள் இரண்டு பிராணிகள் வரை கொண்டு வரலாம். அதற்கும் முன்கூட்டியே தடைக்காப்பு நிலையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அங்கே இருக்கும்போது ரேபிஸ் ஊசியைத் தவணை தவறாமல் போட்டு வரட்டும். தவணை ஒருநாள் விட்டுப்போனாலும் ஐரோப்பாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனை செல்லாமல் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

பூரி ஃபிராங்பர்ட்டில் இறங்கிய அன்று மகள் போன் செய்தாள். அங்கே கருவியை வைத்துச் சிப்பின் எண்ணைப் படித்து, தாளில் உள்ள 15 இலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்களாம். பிறகு வெளியே விட்டார்கள். பேத்தி கூண்டுக்குள்ளேயே தலையை நுழைத்துவிட்டாளாம். அந்த ஊரில் நாய்க்கு நகரசபை வரி உண்டு. பதிவு செய்யும் தாளில் என்ன இனம் என்று கேட்டிருந்தது. "என்னப்பா எழுதுவது?" என்று கேட்டாள் மகள். "தம்பானூர்" என்று என் மனைவி பக்கத்திலிருந்து சொன்னாள். கலப்பினம் என்று எழுதச் சொன்னேன்.