மாதக்கணக்கில் நின்ற கார்... முதலில் துணியை எடுக்காதீர்கள்!

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓடும் கார், அப்பாவுக்கு முடியாமல் போனதால் போர்டிகோவிலேயே நின்றுவிட்ட கார்... இப்படி கவருக்குள் தூங்கும் கார்கள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். திடீரென ஒருநாள் தேவை வந்து கவரை விலக்கினால், பலரின் கை முதலில் தேடுவது ஒரு பழைய பனியன் துணியைத்தான். அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

காரின் மேல் படிந்திருப்பது வெறும் தூசி அல்ல. அதில் கண்ணாடியையே கீறக்கூடிய பொடி மணலும் கலந்திருக்கும். பெயின்ட்டுக்குப் பளபளப்பு தரும் கிளியர் கோட் பூச்சோ, பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. உலர்ந்த துணியால் துடைப்பது, அதன்மேல் உப்புத்தாளைத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும் கீறல்கள் இப்படி வந்தவைதான்.

பானெட்டைத் திறங்கள்

தண்ணீர் ஊற்றுவதற்கும் சாவியைப் போடுவதற்கும் முன்பு பானெட்டைத் தட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பூனையோ பாம்போ உள்ளே இருக்கலாம். எலி கூடு கட்டியிருந்தால், கடித்த வயரும் காய்ந்த குப்பையும் சேர்ந்து தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. அப்படித் தெரிந்தால், மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

தண்ணீர்தான் முதலில்

நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். மணல் தானாக இறங்கட்டும். காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறி வந்துவிடும்.

பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கரைத்த தண்ணீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். அது வேக்ஸ் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

கழுவிய பிறகும் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா? டீட்டெய்லிங் கடைகளில் கிளே பார் தேய்த்து அதை எடுப்பார்கள். பாலிஷ் மட்டும் அவசியமானால் போதும். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சம் தேய்த்தெடுத்துத்தான் பளபளப்பைத் தருகிறது. வேக்ஸ் அப்படியல்ல, அது மேலே பூசும் பாதுகாப்பு.

உள்ளே பூஞ்சை வாடை அடித்தால் சென்ட் பாட்டில் தீர்வாகாது. மாஸ்க் அணிந்து, மேட்களை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்து, சீட்களை வேக்குவம் செய்யுங்கள். ஏசியின் கேபின் ஃபில்டரை மாற்றிவிடுவது நல்லது. குழந்தைகள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

பளபளப்பை நம்பாதீர்கள்

டயர் பாலிஷ் போட்டால் விரிசல் மறையும்; ஆபத்து மறையாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். வயதான, வெடிப்பு விட்ட டயருடன் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். காற்றையும் சரிபாருங்கள்.

பிரேக் டிஸ்க்கில் லேசான துரு இருப்பது சகஜம். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, சில முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். சத்தமோ இழுப்போ நிற்கவில்லை என்றால் ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். சாலையில் இறக்குமுன் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் நிறுத்தப் போகிறீர்களா? கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே கவர் போடுங்கள். அழுக்கோடு மூடினால், காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு முறையும் அந்த மணலே பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.