‘இன்ஸ்டால் ஆயிடுச்சு... ஆனா சப்போர்ட் இல்லை!’ - டைரக்டரி சர்வரில் இந்த ரிஸ்க்கை எடுக்கலாமா?

திங்கட்கிழமை காலை. லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விட மறுக்கிறது. மெயில் திறக்கவில்லை. வைஃபை இணையவில்லை. பக்கத்து சீட்டில் கேட்டால், அங்கேயும் அதே கதை. இப்படி மொத்த அலுவலகமும் ஒரே நேரத்தில் வெளியே நின்றால், ஐ.டி டீம் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கும் இடங்களில் ஒன்று டைரக்டரி சர்வர்.

அந்த சர்வரை, அதற்கு ஆதரவே இல்லாத ஒரு லினக்ஸில் நிறுவுவது பல இடங்களில் நடக்கிறது. ‘ஓடுதுல்ல, அப்புறம் என்ன?’ என்பதுதான் வழக்கமான பதில். ஓடுவது உண்மைதான். பிரச்னை அதற்குப் பிறகுதான்.

டைரக்டரி சர்வர் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் டிஜிட்டல் வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளலாம். யார் எந்தத் துறை, அவருடைய பாஸ்வேர்டு சரியா, எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மெயில், வி.பி.என், வைஃபை என எல்லாமே ‘இவர் நம்ம ஆளா?’ என்று அங்கேதான் வந்து கேட்கும். அப்படிக் கேட்பதற்கான பொது மொழிதான் எல்டாப். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் உள்ளிட்டோர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது.

இன்று இலவசமாகக் கிடைக்கும் இரண்டு பிரபலமான மென்பொருள்கள், ஓபன்எல்டாப் மற்றும் 389 டைரக்டரி சர்வர். எல்டாப் பயன்படுத்தும் போர்ட் எண் 389. அதுதான் இரண்டாவதன் பெயரானது.

‘ஆதரவு இல்லை’ என்றால் ஓடாதா?

ஓடும். ஆனால், பழுதானால் சரிசெய்து தர யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை. அவ்வளவுதான் அர்த்தம். இந்த நிலை இரண்டு வழிகளில் வரும்.

ஒன்று, மென்பொருள் விலகிப்போவது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 7-ம் பதிப்பு வரை ஓபன்எல்டாப் சர்வர் கூடவே வந்தது. 2019-ல் வெளியான 8-ம் பதிப்பில் ரெட் ஹாட் அதை நீக்கிவிட்டது. கிளையன்ட் பகுதி மட்டும் மிச்சம். அதன் பிறகும் அங்கே ஓபன்எல்டாப் சர்வர் வேண்டும் என்றால் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, லினக்ஸே விலகிப்போவது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை அப்டேட் கிடைக்கும் என்று நம்பிப் பலர் சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பர் 8-ம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31-உடன் முடிவு! சரியாகத் தேர்வு செய்தவர்களும் ஒரே நாளில் ‘ஆதரவு இல்லாத’ பட்டியலுக்குப் போனார்கள். சென்ட்ஓஎஸ் 7-ன் காலம் 2024 ஜூன் 30-ல் முடிந்தது.

எங்கே முட்டிக்கொள்ளும்?

முதல் இடி, டவுன்லோடிலேயே விழும். ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ்-ன் பேக்கேஜ்கள் வழக்கமான இடத்திலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. முகவரியைக் கையால் மாற்றினால் இன்ஸ்டால் ஆகிவிடும். ஆனால் அங்கே இருப்பது உறைந்துபோன சரக்கு. புதிய திருத்தம் எதுவும் அதில் சேராது.

இரண்டாவது, லைப்ரரி மோதல். லினக்ஸில் ஏறக்குறைய எல்லா புரோகிராமும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் மேல்தான் நிற்கிறது. ரெட் ஹாட் 8-ல் அதன் பதிப்பு 2.28. 9-ல் 2.34. புதியதற்காகத் தயாரான பேக்கேஜை பழையதில் போட்டால் தொடங்கவே மறுக்கலாம். ‘சரி, ஜிலிப்சியை மட்டும் மாத்திடுவோம்’ என்று கை வைத்தால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும் அபாயம் உண்டு. பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக அனுப்ப உதவும் ஓபன்எஸ்எஸ்எல்-லிலும் இதே கதைதான். ரெட் ஹாட் 8-ல் 1.1.1, 9 வெளியானபோது 3.0.

மூன்றாவது, அவசரத் தீர்வுகள். சர்வர் எழவில்லை என்றதும் எஸ்ஈலினக்ஸ் பாதுகாப்பை ஆஃப் செய்வது, ஃபயர்வாலைத் திறந்துவிடுவது. ‘டெஸ்ட்டுக்குத்தான்’ என்று செய்தது அப்படியே நின்றுவிடும்.

உண்மையான ஆபத்து எது?

2022 ஜனவரி 25-ம் தேதி, ‘பிவ்ன்கிட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரியவந்தது. சாதாரண பயனரை ரூட் அதிகாரம் பெற வைக்கும் பிழை அது. 2009 முதல் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ரெட் ஹாட், உபுண்டு, டெபியன் எல்லாம் உடனே திருத்தம் தந்தன. சென்ட்ஓஎஸ் 8-ன் காலம் முடிந்து அப்போது 25 நாள்கள்தான் ஆகியிருந்தன. காலம் முடிந்த சிஸ்டத்துக்கு இப்படி ஒரு திருத்தம் வந்தே தீரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

வேறு சர்வர் என்றால் ஒரு சேவையோடு போகும். டைரக்டரி சர்வர் போனால், எல்லோருடைய பாஸ்வேர்டு விவரமும் சேர்ந்தே போகும்.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

* இடம் மாறுவதே முதல் வழி: டைரக்டரி தரவுகளை எல்டிஃப் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, ஆதரவுள்ள லினக்ஸில் ஏற்றலாம். சென்ட்ஓஎஸ் அறிவிப்புக்குப் பிறகு 2021-ல் வந்த ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் பலருக்கு மாற்றாகின. டெபியனும் உபுண்டுவும் ஓபன்எல்டாப்பைத் தங்கள் பேக்கேஜாகவே தருகின்றன.

* கன்டெய்னர்: 389 டைரக்டரி சர்வர் கன்டெய்னராகவும் கிடைக்கிறது. லைப்ரரி மோதல் தீரும். ஆனால் அடியில் ஓடுவது அதே பழைய கெர்னல்தான். அதற்கும் அப்டேட் தேவை.

* சோர்ஸிலிருந்து கட்டுவது: முடியும். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதும் நீங்களே மறுபடி கட்ட வேண்டும். செய்தவர் வேலையை விட்டுப் போனால்?

எந்த வழியாக இருந்தாலும், மாற்றும் முன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் திரும்ப ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். முடிந்தால் இரண்டு சர்வர்களாக வைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று பதில் சொல்லும்படி அமைக்கலாம்.

உங்கள் ஐ.டி டீமிடம் இன்றே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ‘நம்ம டைரக்டரி சர்வர் எந்த லினக்ஸ்ல ஓடுது, அதுக்கு எந்தத் தேதி வரைக்கும் அப்டேட் வரும்?’ பதில் ஒரு தேதியாக வந்தால் நல்லது. ‘ஓடிட்டுத்தானே இருக்கு’ என்று வந்தால், இடம் மாறும் வேலையைத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது.