‘செக்’ என்னும் வினையும் அரைப்பேரும்

ஒரு சொல்லின் பல பொருள்களை அகராதி எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. அப்பொருள்கள் எத்தகைய சமூக உறவுகளிடையே இயங்குகின்றன என்பதை அது கூறுவதில்லை. ‘செக்’ என்னும் ஆங்கில வினையை நோர்வூட்டின் தேயிலைத் தோட்டங்களில் வைத்து நோக்குமிடத்து இக்குறை புலனாகும்.

பாரசீகத்தில் அரசனைக் குறித்த ‘ஷா’ என்னும் சொல் அரபு, பழைய பிரெஞ்சு ஆகியவற்றின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சதுரங்கத்தில் அரசன் தாக்குதலுக்குள்ளானதை அறிவிக்கும் குரல், பின்னர் தடுத்தலையும் அதிலிருந்து அடக்கிவைத்தலையும் குறிக்கலாயிற்று. இன்று பெரிதும் வழங்கும் ‘சரிபார்த்தல்’ என்னும் பொருள் இவ்வழி வந்ததே. சரிபார்த்தபின் இடும் குறியும் அமெரிக்க வழக்கில் ‘செக்’தான். காசோலையின் பெயர்கூட, மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையின் பெயராகத் தொடங்கியது என்பது சுவையானது. தமிழிலோ தடு, அடக்கு, சரிபார், குறியிடு என ஒவ்வொன்றிற்கும் தனி வினை வேண்டும்.

தோட்டத்திற்கு இவ்வினை ‘செக்ரோல்’ என்னும் பெயருக்குள் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயப் பெருமாளிகைகளில் பணியாளர் பட்டியலைக் குறித்த அச்சொல், இங்கு நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் பதிவேடாயிற்று. காலையில் பிரட்டுக்களத்தில் (‘பரேட்’ என்பதே மலையகத்தில் பிரட்டு) ஆட்கணக்கு எடுக்கப்படும். பறித்த கொழுந்து பின்னர் நிறுக்கப்படும். இரண்டும் சேர்ந்தே ‘பேரை’த் தீர்மானிக்கும். பேர் எனின் ஒருநாட் சம்பளம். குறித்த நிறைக்குக் குறைந்தால் ‘அரைப்பேர்’. கூலி பாதியாவதைப் பெயரே பாதியாவதாகச் சொல்லும் இவ்வழக்கில், பதிவேட்டுக்கு வெளியே தமக்குத் தோட்டத்தில் இருப்பில்லை என்பதைத் தொழிலாளர் கண்டுகொண்ட தெளிவு உள்ளது. சொல்லாய்வாளர் பலர் இதனைக் கொச்சையென ஒதுக்கிவிடுவர்.

சரிபார்த்தலும் தடுத்தலும் அகராதியில் வெவ்வேறு எண் பெறுவன. செக்ரோலில் அவை ஒரே செயல்; தராசை நோக்கும் கண்ணே கூலியையும் மறிக்கிறது. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தபின், பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு பல தோட்டங்களில் உயர்த்தப்பட்டதாகவும், அதனை எட்டாதோருக்கு அரைப்பேரே இடப்பட்டதாகவும் தொழிலாளர் முறையிட்டனர். சட்டம் கூட்டியதைப் பதிவேடு குறைத்தது எனலாம்.

இலக்கண நோக்கிலும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்தில் இவ்வினைக்குத் துரையோ கணக்கப்பிள்ளையோ எழுவாய். கொழுந்தும் அதனைப் பறித்தவளும் செயப்படுபொருள். சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழித்த கிலோக்களைத் தம் கண்முன் மீண்டும் நிறுக்குமாறு பெண்கள் தராசடியில் நின்று கேட்கும்போது எழுவாய் மாறுகிறது.