ஓடிக்கொண்டிருந்த டிரில் திடீரென நின்றால்

சுவரில் துளை போடும்போது டிரில் மெஷின் சட்டென்று நின்றுவிட்டால், மோட்டார் போய்விட்டது என்ற முடிவுக்குத்தான் பலர் முதலில் வருகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதைவிடச் சிறியது.

அதே பிளக் பாயின்டில் வேறொரு கருவியைச் செருகிப் பார்த்தால், மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். வருகிறதென்றால் அடுத்த சந்தேகம் ஒயர் மீது. கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடம் ஓயாமல் மடங்குவதால், மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் ஒயரை அசைத்துப் பார்த்தால் அது பிடிபடும். தூசி புகுந்த சுவிட்சையும் இப்படியே சோதிக்கலாம்.

அடுத்தது கார்பன் பிரஷ். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு கரித்துண்டுகள் இவை. ஸ்பிரிங் அழுத்தத்தில் கம்யூட்டேட்டரை உரசி உரசித் தேய்கின்றன. நிற்பதற்குச் சில நாட்கள் முன்பே தீப்பொறி அதிகமாவது, தட்டினால் ஓடுவது எல்லாம் இவற்றின் அறிகுறி. பல மெஷின்களில் பக்கவாட்டு மூடியைத் திருகினாலே பிரஷ் வெளியே வரும். சுமார் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம்.

கருகிய வாடை வந்தால் காயில் எரிந்திருக்கலாம். விலை மலிவான டிரில்லுக்கு ரீவைண்டிங் செலவு கட்டுப்படியாகாது.